கல்யாணக் கத்தி

கத்தியைக் கவிழ்த்து வைக்கும்படி கோசன் அன்று காலை இரண்டாவது தடவையாகச் சொன்னான்.

"பிடியில பேரு தெரியுது பாரு. கவுத்து வை."

அவன் மனைவி டீவெர் தூரிகையைக் கந்தலில் துடைத்தாள். மேசையருகே போய்க் கத்தியைக் கவிழ்த்து வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் வைத்த வேகத்தில் பக்கத்துத் தட்டு அதிர்ந்து, அதிலிருந்த ஹெர்ரிங் மீன் துண்டு அரை விரற்கடை நகர்ந்துவிட்டது. அதை மறுபடி பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். அதுவும் அவள் வேலைதான்.

மேசையில் இருந்ததெல்லாம் வீட்டுச் சாமான். மூடி போட்ட வெள்ளீய ஜாடி, இரண்டு தட்டு, பாதி தோல் சீவிய எலுமிச்சை, ஒரு கறுப்பு ரொட்டி, பீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை, பாலாடைக்கட்டி, அதன் தலையில் வெண்ணெய்க் கிண்ணம். பதினெட்டு நாளாக அவை அங்கேயே இருந்தன. வீட்டில் மூன்று பேரும் மரக்கிண்ணத்தில் கஞ்சி குடித்தார்கள். ஹெர்ரிங் மட்டும் நாறத் தொடங்கினால் மாறும்.

"பாலாடைக்கட்டி மேல வெண்ணெய் வெச்சா பேய் வேலைன்னு நம்ம அம்மா சொல்லுவா" என்றாள் அடுப்பருகே இருந்த இம்மே. கோசனின் அக்கா. புருஷன் கடலில் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். "ஒண்ணு வெண்ணெய் தின்னணும், இல்ல கட்டி தின்னணும். ரெண்டையும் அடுக்கித் தின்னா வீடு உருப்படாது."

"தின்ன வெக்கலக்கா. வரையத்தான் வெச்சிருக்கு" என்றான் கோசன்.

"அதான் சொல்றேன். தின்னாலாவது ருசி மிஞ்சும்."

டீவெர் படம் வரைகிற ஓக் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஜாடியின் வயிற்றில் ஒரு சாம்பல் இழுப்பு இழுத்தாள். கோசன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, தான் வரைகிற மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லெம் நகரத்தில் ஈயப் பாத்திரம் வார்க்கிற ரெயரின் மகள் அவள். ஆறு வயதிலிருந்து குதிரைவால் புல்லும் மணலும் போட்டு ஈயம் தேய்த்தவள். விரல் நகம் தேய்ந்து போகிற அளவுக்குத் தேய்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஈயத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. ரொட்டிப் பக்கம் திரும்பினால் அது பழுப்பு. மீன் பக்கம் திரும்பினால் நீலம். ஜன்னல் பக்கம் திரும்பினால் வெறும் வானம்.

கோசனுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அவன் கறுப்பையும் வெள்ளையையும் குழைத்து அப்புவான். கல்யாணமான நாலாம் வருஷம், அப்படி அவன் அப்பிவைத்த தட்டு ஒன்றைப் பார்த்து, "ஈயமா சேறா?" என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போனான். திரும்பி வருவதற்குள் கந்தலால் அதைத் துடைத்துவிட்டு, அவனுடைய தூரிகையால் அந்தத் தட்டை அவள் போட்டு முடித்திருந்தாள். அந்தப் படம் ஒரே வாரத்தில் விற்றது.

பிறகு எல்லாத் தட்டும் அவளிடம் வந்தது. அப்புறம் எலுமிச்சை, ரொட்டி, கண்ணாடி. ஒன்பது வருஷம் போனதில் கோசனிடம் மிஞ்சியது கத்தியின் அலகு ஒன்றுதான். அதில் மட்டும் அவள் எதுவும் போடாமல் இடம் விட்டுவைக்க வேண்டும். படம் வாங்குகிறவர் எதிரில் மெல்லிய தூரிகையைச் சுழற்றி அவன் அதில் எழுதுவான்: 'கோசன் செய்தது.'

"எதைச் செஞ்சான்? பேரைச் செஞ்சான்" என்பாள் இம்மே, தம்பி காதில் விழாதபடி.

கத்தியோ டீவெருடையது. நிச்சயதார்த்தத்தன்று கோசன் கொடுத்தது. அந்த ஊரில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற வழக்கமான சீர். பெண் அதைப் பட்டு உறையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள். வெள்ளிப் பிடியின் ஒரு பக்கத்தில் அவள் பெயர் கொத்தியிருந்தது. 'டீவெர், ரெயர் மகள்'; கீழே சின்னதாக வருஷம், 1631. அன்றைக்கு அந்தப் பெயரைத் தன் விரலால் தடவிக் காட்டியவன்தான், இன்றைக்குக் கவிழ்த்து வை என்கிறான்.

சட்டப்படி அவன் பக்கம் தப்பில்லை. ஓவியர் சங்கத்து ஆள் ஒருவன் வீட்டில் பெண்டாட்டி தூரிகை பிடித்தாலும், பிள்ளை பிடித்தாலும் அது அவன் கை. பெண்ணும் சங்கத்தில் சேரலாம். ஆனால் புருஷன் உள்ளவளுக்குப் புருஷன் சம்மதம் சொல்ல வேண்டும். டீவெர் மூன்று தடவை கேட்டுவிட்டாள். முதல் தடவை சிரித்தான். இரண்டாம் தடவை, ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு பெயர் என்றான். மூன்றாம் தடவை கேட்டது இந்தக் கோடையில், பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் மன்றத்துச் சுவருக்கு இந்தப் பெரிய படத்தைக் கேட்டு வந்தபோது.

"இதை முடிச்சுக் கொடு. மார்ட்டின் திருநாள் விருந்துல மாட்டணும்; அது முடிஞ்ச கையோட சம்மதம் சொல்றேன். சத்தியம்" என்றான்.

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் பதினெட்டு நாளாகக் கத்தியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேர் படம் பார்க்க வந்தார்கள். ஒருவர் சைபிரண்ட், பீர் காய்ச்சுகிறவர்; மெலிந்த உடம்பு, அந்தத் தொழிலுக்கே பொருந்தாத இருமல். இன்னொருவர் ஓவியர் சங்கத் தலைவர் ஃப்ளோரிஸ். டீவெர் எழுந்து கையை முன்துணிக்குள் விட்டுக்கொண்டாள். கோசன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யப்பா, இந்த ஜாடியைத் தொட்டா விரல் ஜில்லிட்டுப் போகும் போலிருக்கே!" என்றார் சைபிரண்ட். "எப்படிய்யா பண்றே?"

"பொறுமைதாங்க. பொறுமையும் ஆண்டவன் அருளும்."

"வீட்டம்மா பங்கு ஒண்ணும் இல்லியா?"

"ஏன் இல்ல? பாத்திரம் தேய்க்கிறது அவதானே!"

சைபிரண்ட் சிரித்துச் சிரித்து இருமினார். டீவெர் முன்துணிக்குள் இரண்டு கையையும் முஷ்டியாக்கினாள். காலையில் பூசிய சாம்பல் வர்ணம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

ஃப்ளோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்கு ஒரு முழம் தள்ளி மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியில கட்டைவிரல் வெக்கிற பிடி இருக்கு பாரு, அதுக்குக் கீழ நிழல் கொஞ்சம் போதல. இப்பவே ஒரு இழுப்பு இழுத்துடேன், கோசன். நீ ஈயம் போடறதைக் கண்ணால பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

கோசனின் கழுத்து சிவந்தது. தூரிகையை எடுத்தான். நேரே கறுப்பில் தோய்த்தான். டீவெர் மனதுக்குள் கத்தினாள்: கறுப்பு இல்லை, மடையா, மீனிலிருந்து கொஞ்சம் நீலம் எடு. அவன் அப்பினான். ஈரமாக இருந்த சாம்பல் கறுப்போடு இழைந்து வந்தது. அதைச் சரிசெய்ய வெள்ளையை வைத்தான். வெள்ளையைச் சரிசெய்ய மறுபடி கறுப்பு. நாலு இழுப்பில் ஜாடியின் கழுத்து வரை சேறு.

"வெளிச்சம் போயிடுச்சுங்க" என்றான்.

ஃப்ளோரிஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வாய்க்கால் தண்ணீர் பளிச்சென்று மின்னியது. "ம்" என்றார். அப்புறம், ஏனோ, டீவெரின் முன்துணியைப் பார்த்தார்.

போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். புது வருஷத்தில் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோசன் பெயர் அடிபடுகிறது.

கதவைச் சாத்திவிட்டு வந்த கோசனின் முகத்தில் ஜாடியைப் பற்றிய கவலையே இல்லை. "கேட்டியா? பொறுப்பாளர்! அந்த ஜாடியைக் கொஞ்சம் சரி பண்ணிடு."

"பண்றேன். திருநாள் முடிஞ்சதும் சம்மதம் சொல்றீங்கல்ல?"

"எந்தச் சம்மதம்?"

அவள் கவிழ்ந்து கிடந்த கத்தியைக் காட்டினாள்.

"ஓ, அதுவா. இப்ப எப்படிம்மா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நான் பொறுப்புக்கு வர்ற நேரத்துல என் வீட்டுலேர்ந்தே இன்னொரு பேரா? ஊரு என்ன பேசும்? கோசனுக்குக் கை போச்சுன்னு பேசும்."

"கை உனக்கு எப்ப இருந்துச்சு?"

இம்மே கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினாள். பதின்மூன்று வருஷத்தில் டீவெரின் வாயிலிருந்து வந்த முதல் 'உனக்கு' அது.

"என்ன சொன்னே?"

"உட்காரு" என்றாள் டீவெர். "சாப்பிடற நேரம்."

வரைவதற்காக அடுக்கிவைத்த மேசைக்கு மூன்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினெட்டு நாள் ரொட்டியைக் கத்தியால் அறுத்தாள்; மரம் அறுப்பது போலச் சத்தம் வந்தது. ஹெர்ரிங்கை அவன் பக்கம் தள்ளினாள். ஜாடியில் புது பீரை நிரப்பி, குவளையில் இருந்த பழைய பீரின் மேலேயே ஊற்றினாள்.

"பைத்தியம் பிடிச்சுதா உனக்கு? மொத்தத்தையும் கலைச்சுட்டியே! இதை மறுபடி எப்படி அடுக்கறது?"

"நீதானே வரையறே. நீயே அடுக்கிக்கோ. நான் பாத்திரம் தேய்க்கிறவ. சாப்பிடு."

"எனக்கு அந்த பீர் வேண்டாம்மா" என்றாள் இம்மே, நாற்காலியில் உட்கார்ந்தபடி. "ஈ கிடக்கு. ஆனா அந்த வெண்ணெயும் கட்டியும் இப்படித் தள்ளு. பேய் வந்தா வரட்டும், இந்த வீட்டுக்கு அதுவே தேவலை."

கோசனுக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீம்புக்கு ஒரு வாய் ரொட்டியைக் கடித்தான். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டான். டீவெர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி ஹெர்ரிங்கை வெட்டி ரெண்டு துண்டு விழுங்கினான். மூன்றாவது இறங்கவில்லை. கத்தியைத் தட்டோரத்தில் வீசிவிட்டு எழுந்தான். அவன் முழங்கை பட்டு ஜாடி சாய்ந்து உருண்டு, மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவு அடித்த அடியில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

டீவெர் நினைவில் அப்பாவின் பட்டறை, தேய்ந்த நகம், முஷ்டிக்குள் பிசுபிசுத்த சாம்பல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. மேசையைத் துடைக்கலாம் என்று கந்தலை எடுத்தாள். எடுத்த கை நின்றது.

கத்தி நிமிர்ந்து கிடந்தது. பிடி இடப்பக்கம், அலகு வலப்பக்கம். வெள்ளியில் அவள் பெயர் ஜன்னலைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. அதை அப்படிப் போட்டவன் கோசன்.

இம்மே தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா."

"மீன் முள்ளு கிடக்கும்மா. நாறும்."

"நாறட்டும்."

அறை மூலையில் அடிப்பூச்சுப் பூசித் தயாராக வைத்திருந்த வேறொரு பலகையை எடுத்துவந்து சாய்த்தாள்.

அடுத்த ஒன்பது நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கோசன் ஒரு மூலையில் பழைய பலகையை வைத்துக்கொண்டு, கலைந்துபோன மேசையை ஞாபகத்திலிருந்து வரைந்தான். இரண்டாம் நாள் ஜாடியோடு தட்டும் சேறானது. மூன்றாம் நாள் சுரண்டினான். நாலாம் நாளிலிருந்து காலையிலேயே வெளியே போய்விடுவான். டீவெர் எதிர்மூலையில் உட்கார்ந்து சாய்ந்த ஜாடியை வரைந்தாள், கடித்த ரொட்டியை, முள்ளை, ஈ கிடந்த பீரை. கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். அவளுக்கு நடுங்கவில்லை. இதுவரை இல்லாத அளவுக்கு அது நேராகப் போயிற்று. கோபம் குறையக்கூடாதென்றே தினம் காலையில் ஒரு தடவை, 'பாத்திரம் தேய்க்கிறது அவதானே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எட்டாம் நாள் கோசன் அவள் பின்னால் வந்து நின்றான்.

"அந்தப் பேரை எடுத்துடு."

"கத்தியை அப்படிப் போட்டது நீ. இருக்கிறதை இருக்கிறபடி போடணும்னு வர்றவங்க கிட்டெல்லாம் நீதானே சொல்லுவே."

அவன் பல்லைக் கடித்தான். திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. வேறு படம் இல்லை. "அலகு எனக்கு" என்றான்.

"காலியாத்தான் விட்டிருக்கேன்" என்றாள்.

மார்ட்டின் திருநாளன்று மத்தியானம் மன்றத்தில் வாத்து விருந்து. படத்தை கோசன் ஒரு பக்கமும் டீவெர் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வர்ணமும் தூரிகையும் இருந்த சின்னப் பெட்டியை இம்மே எடுத்துவந்தாள். சுவரில் மாட்டியதும் நாற்பது பேர் எழுந்து வந்து சூழ்ந்தார்கள்.

"அடேயப்பா, இப்பத்தான் யாரோ தின்னுட்டு எழுந்து போன மாதிரி இருக்கே!" என்றார் சைபிரண்ட். "என்ன கோசன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?"

கோசன் பல்லைக் காட்டினான்.

ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனார். "பிடியில ஏதோ பேரு போட்டிருக்கே. டீ... டீவெர், ரெயர் மகள். யாருப்பா இது?"

டீவெர் கோசனைப் பார்த்தாள். அவன் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒன்பது வருஷம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து நின்றது.

கோசன் தொண்டையைக் கனைத்தான். "என் சம்சாரம். அவளோட கல்யாணக் கத்திங்க."

"ஓஹோ!" என்று மொத்தக் கூட்டமும் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள். "பொண்டாட்டி பேரை எங்க கொண்டு வந்து வெச்சான் பாரு!" "பதிமூணு வருஷத்துக்கப்புறமும் ஆசை போகல பாரேன்!" ஒரு பெண் தன் புருஷன் விலாவில் இடித்தாள்: "நீங்களும் இருக்கீங்களே, என் கத்தியில கோழி அறுத்துக்கிட்டு." சைபிரண்ட் வந்து டீவெரின் தோளைத் தட்டினார். "கொடுத்து வெச்சவம்மா நீ."

டீவெருக்குக் காதுவரை கொதித்தது. அந்த ஊரில் யார் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். கத்தியில் பெண் பெயர் இருந்தால் அது சீர். அந்தப் பெயரை அவள் எத்தனை படத்தில், எத்தனை பெரிதாகப் போட்டாலும், அவன் கொடுத்த பரிசாகவே அது இருக்கும். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்தது போதாதென்று, ஊரே சேர்ந்து பித்தளைக்கு மாலை போடுகிறது.

"எழுதுய்யா, எழுது!" என்றார்கள். இம்மே பெட்டியைத் திறந்து வைத்தாள். கோசன் மெல்லிய தூரிகையை எடுத்துக் கறுப்பில் தோய்த்து, வழக்கம்போல் மணிக்கட்டைச் சுழற்றினான். தூரிகை காலியாக இருந்த அலகின் பக்கம் போயிற்று.

டீவெர் அதை அவன் விரலிலிருந்து உருவினாள். பிடுங்கவில்லை, ஊசியை வாங்குகிறது போல உருவினாள். அவன் கை வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் குனிந்து, பெயர் முடிகிற பிடிக்கு அடுத்து அலகு தொடங்குகிற இடத்தில், ஒரே ஒரு சொல் எழுதினாள்.

செய்தது.

கிழவர் மறுபடி கண்ணாடியைத் தூக்கினார். சத்தமாக, எழுத்துக் கூட்டி வாசித்தார். "டீவெர்... ரெயர் மகள்... செய்தது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"விளையாட்டுங்க" என்றான் கோசன். "வீட்டுல கொஞ்சம் மனஸ்தாபம்..."

"அன்னைக்கு வெளிச்சம் போயிடுச்சுன்னு சொன்னே" என்றார் ஃப்ளோரிஸ். வாத்துக் காலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "உச்சிப் பொழுது அது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் இந்தம்மா முன்துணியைப் பார்த்தேன். உள்ளேர்ந்து சாம்பல் வர்ணம் கசிஞ்சுக்கிட்டிருந்துது. கோசன், இது யாரு கை?"

"சங்கத்து விதிப்படி..."

"விதி எனக்குத் தெரியும், நான்தான் தலைவன். யாரு கை?"

கோசன் கூட்டத்தைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். தன் பல் பதிந்த ரொட்டி அங்கே இருந்தது.

"கத்தி அவளோடது" என்றான்.

"கத்தியை யாரு கேட்டா?"

"...கையும்."

சைபிரண்ட் இருமினார். "ஜாடி நல்லாருக்கு. யாரு போட்டா என்ன, சுவத்துலயே இருக்கட்டும்" என்றார் யாரையும் பார்க்காமல்.

"வியாழக்கிழமை சங்கத்துக்கு வாம்மா" என்றார் ஃப்ளோரிஸ். குரலில் தயவு எதுவும் இல்லை. விதியைப் படிக்கிற குரல். "மூணு பேர் முன்னால ஒரு ஜாடி போட்டுக் காட்டணும். நாங்க வெச்சுத் தருவோம். சரியா வந்தா பேரைப் பதிவோம். புருஷன் சம்மதம் வேணும். கோசன்?"

கோசன் தலையாட்டினான்.

"வாயால சொல்லு. நாப்பது பேரு இருக்காங்க, கேட்கட்டும்."

"சம்மதம்."

"பொறுப்பாளர் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

"ஜாடியை நானே கொண்டுவர்றேன்" என்றாள் டீவெர். "உங்க சங்கத்து ஜாடியைத் தேய்ச்சு எத்தனை வருஷமாச்சோ."

இம்மே முகத்தைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது மூவரும் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். மூலை ரொட்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் அவள் போட்ட எலுமிச்சை ஒன்று தொங்குகிறது. அடுத்த தெருவில் துணி வெளுக்கிறவர் வீட்டில் இரண்டு தட்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் வக்கீல் வீட்டில் ஒரு பெரிய ரொட்டி. அதை வரைந்த வாரம் அவளுக்குக் கரு கலைந்து, மூன்றாம் நாளே நாற்காலிக்கு வந்திருந்தாள். எல்லா அலகிலும் 'கோசன் செய்தது.' அவற்றை இனி யார் போய் அழிப்பது? சம்மதம் கிடைத்துவிட்டால் கோபம் தணிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். தணியாது என்று இப்போது தெரிந்தது.

கோசன் ரெண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"அடுத்த படத்துல கத்தியே வேண்டாமே" என்றான் மெதுவாக. "கத்தி இல்லாமலும் நல்லாத்தான் இருக்கும்."

"கத்தி இருக்கும்" என்றாள் டீவெர், திரும்பிப் பார்க்காமல்.